பாதி உலகமும் ஒரு பட்டிமன்றமும்: செட்டிநாட்டு வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு விவாதத்தின் ஆய்வு

பின்னணி

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டம் இது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பழைய வீடு ஒன்றை அதன் உரிமையாளர் கூட்டத்துக்காகத் திறந்துவிடுகிறார். முகப்பில் பாய் விரித்து உட்கார்வது வழக்கம். வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியர்கள், கடை வைத்திருப்பவர்கள், இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள் என எல்லாரும் உண்டு. சிறுகதை, நாவல், எப்போதாவது ஒரு பழைய திரைப்படம் என்று அமைதியாகப் போய்க்கொண்டிருந்த வட்டம், ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் வில்லனான தானோஸைப் பற்றிப் பேசப் போய் ஏறக்குறைய உடையும் நிலைக்கு வந்தது. பிறகு எப்படித் தேறியது என்பதைப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒருங்கிணைப்புக் குழுவின் மூவரில் நானும் ஒருவன். இரு கூட்டங்களிலும் குறிப்பெடுத்தது நான்தான்.

இந்தப் பகுதிக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. எந்தக் கதையை எடுத்தாலும் அதைப் பட்டிமன்றமாக்கிவிடுவோம். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அந்த விழா மேடையில் பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த தலைமுறைகள் இங்கே இருக்கின்றன. "கற்பில் சிறந்தவர் யார், நட்பில் சிறந்தவர் யார்" என்று இரண்டு அணிகள் மோதி, நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொன்னால்தான் ஒரு விஷயம் பேசி முடிக்கப்பட்டதாக நமக்குத் திருப்தி ஏற்படுகிறது. நடந்தவற்றின் வேர் பெருமளவு இந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

காமிக்ஸ் வாசிப்புக்கும் இங்கே வயதுக்கு ஏற்ற அடுக்குகள் இருந்தன. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் வழியாக வளர்ந்தவர்கள். 1972இல் அதன் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் பிறந்த பாத்திரம். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் தெரியும் அந்த மனிதனை இவர்கள் இன்றும் சொந்தக்காரனைப் போலப் பேசுவார்கள். மார்வெல் என்ற அமெரிக்க காமிக்ஸ் நிறுவனத்தின் உலகம் அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. இளைஞர்களுக்கோ மார்வெல் என்றாலே திரைப்படம்தான். அவர்களில் யாரும் அச்சில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டியதில்லை. இரண்டையும் அறிந்தவர் ஒருவர்தான் இருந்தார். நீண்ட காலம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர், பெட்டி நிறைய ஆங்கில காமிக்ஸ் தொகுப்புகளோடு வந்தவர். இனி அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றே குறிப்பிடுகிறேன். ஊரிலும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

சர்ச்சைக்கு உள்ளான மாற்றம்

எதைப் பற்றிச் சண்டை என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தானோஸ் என்ற பாத்திரத்தை ஜிம் ஸ்டார்லின் உருவாக்கினார். 1973இல் அயர்ன் மேன் இதழ் ஒன்றில் முதன்முதலாக வந்தது. 1991இல் ஸ்டார்லின் எழுத, ஜார்ஜ் பெரெஸும் ரான் லிம்மும் வரைய, 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்' என்ற ஆறு இதழ்த் தொடர் வெளிவந்தது. அதில் மரணம் ஒரு பெண்ணுருவாக நிற்கிறாள். தானோஸ் அவள்மீது காதல் கொண்டவன். எல்லாம் வல்ல கற்கள் பதித்த கையுறையை அணிந்து, பிரபஞ்சத்தில் உள்ள உயிர்களில் பாதியை ஒரே சொடுக்கில் அழிக்கிறான், அவளுக்குக் காணிக்கையாக. அவளோ ஒரு வார்த்தைகூடப் பேச மறுக்கிறாள். அவளுக்குக் கோயில் போல ஒரு மண்டபம் எழுப்புகிறான், அவளைப் பொறாமைப்பட வைப்பதற்காகத் தன் அச்சில் ஒரு துணைவியைப் படைக்கிறான், தன் பேத்தி என்று சொல்லிக்கொண்ட நெபுலாவை உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் கிடக்க வைத்து வதைக்கிறான். எதற்கும் அவள் அசையவில்லை. முடிவில் அந்த நெபுலாவே கையுறையைப் பறித்துவிடுகிறாள். தோற்ற தானோஸ் ஓர் ஒதுங்கிய உலகில் உழவனாகக் காலம் தள்ளுகிறான்.

2018இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' படத்தில் மரணம் என்ற பெண்ணே இல்லை. இந்தத் தானோஸ் தன் சொந்தக் கோளான டைட்டன் மக்கள் பெருக்கத்தால் அழிந்ததைப் பார்த்தவன். வளம் குறைவு, வாய் அதிகம், ஆகவே பாதி போக வேண்டும் என்பது அவன் கணக்கு. வளர்ப்பு மகள் கமோராவை அவன் பலி கொடுக்கும் காட்சி படத்தின் நடுநாயகமாக நிற்கிறது. 2019இல் வந்த 'எண்ட்கேம்' படத்தில், கடந்த காலத்திலிருந்து வரும் இன்னொரு தானோஸ் தன் திட்டத்தையே மாற்றிக்கொள்கிறான்: பாதியை அழித்தால் மீதி நினைவு வைத்துக்கொண்டு எதிர்க்கிறது, எனவே முழுவதையும் அழித்துப் புதிதாக ஒன்றைப் படைக்கப் போவதாகச் சொல்கிறான்.

காமிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் வருத்தம் இருந்தது. 2012இல் வந்த முதல் 'அவெஞ்சர்ஸ்' படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கு இடையே ஒரு சிறு காட்சி வரும். பூமியை எதிர்ப்பது மரணத்தை நாடிப் போவதற்குச் சமம் என்று ஓர் அடியாள் சொல்ல, தானோஸ் திரும்பிச் சிரிப்பான். காமிக்ஸ் தெரிந்தவர்கள் அந்தச் சிரிப்பை ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்க்காரர் எடுத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகள் காத்திருந்தார்.

முதல் கூட்டம்: கவனித்தவை

தலைப்பு "காமிக்ஸின் தானோஸா, திரைப்படத்தின் தானோஸா, யார் சிறந்தவர்?" என்று வைக்கப்பட்டது. அணிக்கு மூன்று பேர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி நடுவர். கூட்டம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது, கல்லூரி மாணவர்கள் நண்பர்களையும் அழைத்து வந்திருந்தார்கள்.

சிங்கப்பூர்க்காரர் நன்றாகவே பேசினார். காதலுக்காகப் பிரபஞ்சத்தைப் பாதியாக்கியவனை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரியாக்கிவிட்டார்கள் என்றார். கைதட்டல் அதிர்ந்தது. எதிரணியின் பொறியியல் மாணவர், காதலுக்காக அழிக்கிற வில்லனைத் தமிழ்ப் படங்களில் ஆயிரம் முறை பார்த்தாகிவிட்டது என்றும், தான் நல்லதே செய்கிறேன் என்று நம்புகிறவன்தான் பயமுறுத்துகிறான் என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டல்.

மூன்றாவது சுற்றில் நிலைமை மாறியது. "நீங்கள் பார்த்தது தானோஸையே அல்ல, தம்பி" என்று சிங்கப்பூர்க்காரர் சொல்ல, "ஐயா, நீங்கள் படித்ததை உங்களைத் தவிர இங்கே யார் படித்தார்கள்?" என்று மாணவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். காமிக்ஸ் அணியின் மற்ற இருவரும் அந்தத் தொடரைப் படித்ததில்லை, சிங்கப்பூர்க்காரர் சொல்லக் கேட்டிருந்தார்கள். திரைப்பட அணியிலும் ஒருவர் இரண்டாவது படத்தைப் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதாவது ஆறு பேச்சாளர்களில் இரண்டு வடிவங்களையும் முழுதாக அறிந்தவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதியை வைத்துக்கொண்டு மீதியைத் தாக்கினார்கள்.

அதன்பின் பேச்சு தானோஸை விட்டு வயதின் பக்கம் சாய்ந்தது. காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்றது ஒரு தரப்பு, கையில் கைபேசி தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் என்றது மற்றொன்று. பேச்சு முற்றியதும் நடுவர் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: காமிக்ஸின் தானோஸே சிறந்தவர். திரைப்பட அணியின் மூவரும் வெள்ளைப்பணியாரம் பரிமாறப்படும் முன்பே எழுந்து போனார்கள். (இந்த வட்டத்தின் வரலாற்றில் வெள்ளைப்பணியாரத்தை விட்டுவிட்டு யாரும் போனதில்லை என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.)

கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது, அப்போது அதற்கு யாரும் மதிப்புத் தரவில்லை. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர், பார்வையாளர் வரிசையிலிருந்து கை தூக்கிக் கேட்டார்: "சாவைக் காதலித்தான் என்பதை எடுத்துவிட்டார்கள். சரி. அப்படியானால் படத்தில் அவன் யாருடைய கவனத்துக்காக இவ்வளவும் செய்கிறான்?" இரண்டு அணிகளும் அடுத்த வாதத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. நடுவர் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர்கள் மூவரும் நடுவரோடு கூடினோம். எளிய வழி ஒன்று இருந்தது: இனி சூப்பர்ஹீரோ பேச்சு வேண்டாம், நாவலுக்குத் திரும்புவோம். குழுவில் ஒருவர் அதையே முன்வைத்தார். அப்படிச் செய்தால் எழுந்து போனவர்களுக்கு அவர்களுடைய ரசனைக்கு இங்கே இடமில்லை என்ற செய்திதான் போகும் என்பதால் அது ஏற்கப்படவில்லை. அதே பொருளை மீண்டும் எடுப்பது, ஆனால் வேறு முறையில் எடுப்பது என்று தீர்மானித்தோம்.

முதலில் தீர்ப்பைக் கைவிட்டோம். எது சிறந்தது என்ற கேள்வி இருக்கும்வரை பேசுகிறவர் தன் பக்கத்தின் குறையை ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்புக்கொண்டால் அணிக்குத் துரோகம். ஒரு தழுவலைப் புரிந்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமற்ற ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் கருத்து. நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டிமன்றம் இல்லாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்றார். அது ஓரளவு உண்மையானது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, எல்லாரும் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும் என்பது. தொகுப்பு நூல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, உரிமை உள்ள நூலை அப்படிச் செய்ய வேண்டாம் என்று சிங்கப்பூர்க்காரரே தடுத்தார். அதற்குப் பதில் அவர் ஒரு யோசனை சொன்னார்: மாலைக்கு ஓர் இதழாக, முகப்பில் உட்கார்ந்து படங்களைக் காட்டி, தானே தமிழில் கதை சொல்வது. அது நடந்தது. எழுந்து போனவர்களில் இருவர் இரண்டாவது மாலையே வந்து சேர்ந்தார்கள். பதிலுக்கு மாணவர்கள் தங்கள் மடிக்கணினியில் இரண்டு படங்களையும் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். 'எண்ட்கேம்' படத்தின் தமிழ் வடிவத்தில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்ததால் அதைத்தான் பார்ப்போம் என்றார்கள் சிலர், ஆங்கிலம்தான் வேண்டும் என்றார்கள் சிலர். எல்லாரும் ஒரே வடிவத்தைப் பார்த்தால்தான் ஒரே விஷயத்தைப் பேச முடியும் என்று ஆங்கில வடிவத்தை முடிவு செய்தோம்.

மூன்றாவது முடிவில்தான் எதிர்ப்பு வந்தது. தழுவல் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வெளியே எங்கும் போக வேண்டியதில்லை, வால்மீகியைக் கம்பன் எப்படி மாற்றினான் என்று தொடங்கலாம் என்று நான் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரை அழைப்பது திட்டம். எல்லாரும் ஆச்சி என்று அழைக்கும் அவர், கம்பனில் தோய்ந்தவர். பங்குனியில் நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதிக்கு ஆண்டு தவறாமல் போகிறவர். மூத்த உறுப்பினர் ஒருவர் இதைக் கேட்டுத் தொலைபேசியில் கோபப்பட்டார். கையுறை போட்டுக்கொண்டு சொடுக்கும் பூதத்தையும் கம்பனையும் ஒரே பாயில் உட்காரவைப்பதா என்பது அவர் கேள்வி. நாங்கள் பதில் சொல்லும் முன்பே ஆச்சி ஒரு நிபந்தனை விதித்தார்: "நான் கம்பனைப் பற்றி மட்டும் பேசுவேன். உங்கள் பூதத்தைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். ஒப்பிடுவது உங்கள் பாடு." மூத்தவர் அதற்கு உடன்பட்டார்.

கடைசியாக, ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து முன்கூட்டியே கொடுத்தோம். மூலத்தில் எது இருந்தது, அது அங்கே எந்தச் சுமையைத் தாங்கியது, எடுத்த பிறகு அந்தச் சுமையைப் படத்தில் எது தாங்குகிறது. மாணவி கேட்ட கேள்வியிலிருந்து கிடைத்த அமைப்பு அது. அவரிடமும் அதைச் சொன்னோம்.

இரண்டாவது கூட்டம்

ஆச்சி ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டார். வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலை ஒரு கையாலும் தொடையை ஒரு கையாலும் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனில் அவன் அவளைத் தொடுவதில்லை. "தீண்டான், அயன் மேல் உரை சிந்தை செயா" என்று, பிரமன் விதித்த வார்த்தையை நினைத்து, பர்ணசாலையோடு சேர்த்து நிலத்தையே பெயர்த்தெடுக்கிறான். இங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்திதான் இது. பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம்.

எல்லாரும் நிறுத்தும் இடத்தில் ஆச்சி நிறுத்தவில்லை. சடாயு தேரை உடைத்த பிறகும் அந்த நிலத்தோடேயே சுமந்து போகிறான், கவனித்தீர்களா என்றார். அப்புறம் சுந்தர காண்டத்துக்கு வந்தார். இலங்கையில் சீதையைக் கண்டு திரும்பிய அனுமன் இராமனிடம் சொல்கிறான்: பொன் கற்பகச் சோலையில், "உம்பி புல்லினால் தொடுத்த தூய சாலையில் இருந்தாள்." உன் தம்பி கட்டிய அதே குடிசையில் இருக்கிறாள். இத்தனை ஆயிரம் பாட்டுக்குப் பிறகும் அந்தக் குடிசை அங்கே நிற்கிறது. கணவனுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தியை, அவள் தீண்டப்படவில்லை என்பதை, அனுமன் குடிசையை வைத்தே சொல்லிவிடுகிறான்.

பொறியியல் மாணவர் உற்சாகமாக எழுந்தார். "அப்படியானால் ஆச்சி, கம்பரே மாற்றியிருக்கும்போது, படம் எடுத்தவர்கள் மாற்றியதில் என்ன குற்றம்?"

"மாற்றியதற்காக அவனை யார் கொண்டாடினார்கள்? ஆரணிய காண்டத்தில் பெயர்த்த குடிசையைச் சுந்தர காண்டத்தில் மறந்திருந்தால் நானே அவனை ஏசியிருப்பேன்" என்றார் ஆச்சி. "உங்கள் படக்காரர்கள் எதைப் பெயர்த்தார்கள், அதைக் கடைசிவரை கொண்டுபோனார்களா என்று பாருங்கள்." சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நிபந்தனையை அவரே கொஞ்சம் மீறிவிட்டார் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்த பேச்சு, முதல் கூட்டத்திலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது. அதன் முக்கியமான திருப்பங்களை மட்டும் தருகிறேன்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நடுவராக இருந்த வங்கி அதிகாரி எண்களில் ஆர்வம் உள்ளவர். படம் வந்த 2018இல் உலக மக்கள்தொகை ஏறக்குறைய 760 கோடி. பாதியாக்கினால் 380 கோடி. அது 1970களின் தொடக்கத்தில் உலகம் இருந்த அளவு. இரும்புக்கை மாயாவி வெளிவந்த காலத்துக்குப் போய்விடுவோம், ஐம்பது ஆண்டுக்குள் மறுபடியும் இதே நிலைக்கு வந்துவிடுவோம் என்றார் அவர். எல்லாம் வல்ல கற்களைக் கையில் வைத்திருப்பவன் வளத்தை இரட்டிப்பாக்கியிருக்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். அதாவது மரணத்தின்மீது கொண்ட காதலை எடுத்துவிட்டு அங்கே வைத்த கணக்கு, கணக்காகவே நிற்கவில்லை. காமிக்ஸின் காதலனிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். காதலுக்குக் கணக்கு தேவையில்லை. கணக்கை முன்வைப்பவனிடம் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள்.

இந்த இடத்தில் திரைப்படத் தரப்பு தோற்றதாகவே எல்லாரும் நினைத்தோம். மாணவியின் தாளில் வேறு ஒன்று இருந்தது. இரண்டு படங்களிலும் தானோஸ் ஒரே சொல்லை இரண்டு முறை சொல்கிறான் என்று அவர் குறித்து வைத்திருந்தார். முதல் படத்தில், வேலை முடிந்ததும் நன்றியுள்ள பிரபஞ்சத்தின்மீது சூரியன் உதிப்பதைப் பார்த்துக்கொண்டு ஓய்வெடுப்பேன் என்கிறான். இரண்டாவது படத்தில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தான் படைக்கப்போவது நன்றியுள்ள பிரபஞ்சம் என்கிறான். அப்படியானால் எண்ணிக்கை அவனுக்கு ஒருபோதும் முக்கியமாக இருந்ததில்லை. பாதி என்று இருந்தது முழுவதாக மாறும்போது கணக்கு செத்துவிடுகிறது. நன்றி மட்டும் இரண்டிலும் நிற்கிறது. "காமிக்ஸில் அவள் பேசவில்லை. படத்தில் பிரபஞ்சம் நன்றி சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறது" என்றார் மாணவி.

கூட்டத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. சிங்கப்பூர்க்காரர் தொகுப்பை எடுத்துக் கடைசி இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரே அடுத்ததைச் சொன்னார்: உழவனாக ஒதுங்கும் முடிவு இரண்டிலும் இருக்கிறது. காமிக்ஸில் தோற்ற பிறகு உழவன் ஆகிறான், படத்தில் ஜெயித்த பிறகு ஆகிறான். காதலில் தோற்றவன் அமைதியாகிறான், நன்றி கிடைக்காதவன் தலையை இழக்கிறான். படம் எடுத்தவர்கள் முடிவைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள், ஆனால் தூக்கி எறியவில்லை என்றார். "இங்கேயும் ஒரு குடிசை இருக்கிறதே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வர, ஆச்சி உட்படச் சிரித்தார்கள்.

மூன்றாவது திருப்பம் சில்வர் சர்ஃபர் என்ற இன்னொரு மார்வெல் பாத்திரத்தைப் பற்றியது. காமிக்ஸில் தானோஸின் வருகையை எச்சரிக்க டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் வீட்டுக்குள் வந்து விழுபவன் சில்வர் சர்ஃபர். படத்தில் அதே வீட்டில் ஹல்க் வந்து விழுகிறான். இதை அவமரியாதை என்று முதல் கூட்டத்தில் சிங்கப்பூர்க்காரர் சொல்லியிருந்தார். மாணவர்களில் ஒருவர், சர்ஃபரின் திரைப்பட உரிமை அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது என்றும், டிஸ்னி அந்த நிறுவனத்தின் திரைப் பிரிவை வாங்கி முடித்தது 2019 மார்ச்சில்தான் என்றும் எடுத்துச் சொன்னார். தாளில் இல்லாத நான்காவது பத்தி ஒன்றை அப்போதே எல்லாரும் வரைந்துகொண்டோம்: மாற்றியது விருப்பத்தாலா, உரிமை இல்லாததாலா? பத்திர அலுவலகத்தின் காரணத்துக்குக் கலைஞனைத் திட்டுவது வீண் என்று சிங்கப்பூர்க்காரர் சொன்னார். ஒரு பழைய வீட்டைப் பங்கு பிரிக்க முடியாமல் பூட்டி வைத்திருக்கும் ஊரில் இது சட்டென்று புரிந்தது.

எல்லாமே இப்படி இணக்கமாக முடியவில்லை. கமோராவின் பலியில் பேச்சு பிளவுபட்டது, பிளவுபட்டே நின்றது. அந்தக் கற்களில் ஒன்றான ஆன்மாக் கல்லைப் பெற, தான் நேசிக்கும் ஒருவரைப் பலி கொடுக்க வேண்டும். தானோஸ் அழுதுகொண்டே மகளை மலையிலிருந்து வீசுகிறான், கல் கிடைத்துவிடுகிறது. மரணத்தின்மீது இருந்த காதலைப் படம் மகள்மீது இறக்கி வைத்திருக்கிறது, ஆகவே சுமை தாங்கப்பட்டுவிட்டது என்றார்கள் இளைஞர்களில் பலர். ஆச்சி ஏற்கவில்லை. பிள்ளையை வீசுகிறவனுக்கு நேசம் இருந்தது என்று ஒரு கல் சான்றிதழ் கொடுத்தால் அதை நான் ஏற்க வேண்டுமா என்றார். காமிக்ஸின் தானோஸைக் கதை நகைப்புக்குரியவனாகக் காட்டுகிறது, அவன் காதலைக் கதையே நம்புவதில்லை. படமோ இவன் கண்ணீரை நம்பச் சொல்கிறது, பிரபஞ்ச விதியே அதற்குச் சாட்சி சொல்கிறது. இது மாற்றம் அல்ல, சாய்வு என்பது அவர் கட்சி. என் கருத்தும் அதுவே. மாணவர்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அவர்களிடமும் வாதம் இருந்தது: படம் அந்தக் கண்ணீரை நம்பினாலும் கமோரா நம்பவில்லை, இது அன்பு அல்ல என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

விளைவு

எழுந்து போன மூவரில் இருவர் இன்றும் தொடர்ந்து வருகிறார்கள். மூன்றாமவர் வரவில்லை, அழைத்தபோது மரியாதையாக மறுத்துவிட்டார். முதல் கூட்டத்தில் கேட்ட வார்த்தைகள் அவருக்கு ஆறவில்லை என்று நண்பர்கள் வழியாகத் தெரிந்தது.

சிங்கப்பூர்க்காரர் அந்தத் தொகுப்பை வட்டத்துக்கே கொடுத்துவிட்டார். கூடவே ஆடம் வார்லாக் வரும் பழைய இதழ்களின் தொகுப்பு ஒன்றையும். காமிக்ஸ் தொடரின் மையமாக இருந்தும் அந்த இரண்டு படங்களிலும் இல்லாத பாத்திரம் வார்லாக். 2023இல் வேறொரு படத்தில்தான் திரைக்கு வந்தது. அந்தப் பாத்திரம் இல்லாத இடத்தில் யார் நின்றார்கள் என்பதை மாணவர்கள் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நடுவர் எச்சரித்தது போலவே வருகை குறைந்தது. கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் வந்தவர்கள் தாளும் பத்தியும் பார்த்துச் சலித்துப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பட்டிமன்றம் ஒரு கலை, நல்ல பேச்சாளர் அணிக்காகப் பேசும்போது அவருக்கே தெரியாத உண்மைகள் வெளிவருவதை நான் பார்த்திருக்கிறேன். எனவே பொங்கலை ஒட்டி ஒரு பட்டிமன்றம் வைப்பதும், தழுவல் போன்ற பொருள்களுக்குத் தீர்ப்பில்லாத கூட்டம் வைப்பதும் என்று பிரித்துக்கொண்டோம். தொலைபேசியில் கோபப்பட்ட மூத்த உறுப்பினர் கூட்டம் முடிந்ததும் ஆச்சியிடம் வந்து, அனுமன் சொல்லும் அந்தப் பாடலை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தாளை முன்கூட்டியே கொடுத்தது முழுப் பயன் தரவில்லை. சிலர் அதை வீட்டுப்பாடம் போல நிரப்பி வந்து, நிரப்பியதைப் படித்துக் காட்டினார்கள். கதையை எல்லாரும் கேட்டு, படத்தைப் பார்த்து முடித்த பிறகு, கூட்டத்திலேயே சேர்ந்து நிரப்புவது சரியாக இருக்கும். நான்காவது பத்தி தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும். தயாரிப்பின் காரணங்களையும் கதையின் காரணங்களையும் முதலிலேயே பிரித்துவிட்டால் பாதிக் கோபம் எழாது.

பார்வையாளர் கேள்விகளை மணியடித்து முடிக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். முகப்புச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, கேள்வி வந்தவுடன் அதில் எழுதிவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. பேச்சாளர்கள் கூட்டம் முடிவதற்குள் அவற்றில் ஒன்றையாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு மாதங்களில் இத்தகைய கூட்டம் வைக்கக் கூடாது என்பதை மாணவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஏற்றுக்கொண்டோம். பழைய வீட்டின் மின்சாரம் ஒரு படத்தை முழுதாகக் காட்டும் அளவுக்கு நம்பத்தக்கதாக இல்லை என்பதும் உண்மை. உரிமையாளர் இன்வெர்ட்டர் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பொருள் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. மாணவர்கள் ஸ்பைடர்மேனை முன்வைக்கிறார்கள். 1962இல் வந்த முதல் கதையில் அந்தப் பையன் தன் வலையைத் தானே கருவியாகச் செய்கிறான், 2002இல் வந்த படத்தில் வலை அவன் உடம்பிலிருந்தே வருகிறது. கண்டுபிடிப்பாளனாக இருந்தவன் அங்கே என்ன ஆனான் என்பது அவர்கள் கேள்வி. சிங்கப்பூர்க்காரர் அந்த முதல் கதையின் மறுபதிப்பைப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார். அது கிடைக்காவிட்டால் நாவலுக்குத் திரும்புவது என்று பேச்சு.